ஆறு துண்டு, ஆறு தலை

ஆறு தலை இருந்தது. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

சவுக்குத் தோப்பின் ஓரம். கூடாரத்தின் நிழலில் வரிசையாக வாழை இலைகள். இலைகளுக்கு முன்னால் ஆறு பிள்ளைகள். வெயிலுக்காக ஆறு பேரும் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். கடற்காற்று மணலை அள்ளி அள்ளி இலையில் போட்டது. வாயைத் திறந்தால் மண்தான் உள்ளே போகும், பேசாமல் குனிந்து சாப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். பிறந்ததிலிருந்து என் சொல்லைக் கேட்டிராத பிள்ளைகள் அன்று கேட்டார்கள்.

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணி, சரியாக இருக்கிறது என்று சத்தமாகவே சொன்னேன். எங்களோடு வந்திருந்த தணிகாசலம் வீட்டுப் பிள்ளைகள் நாலு, என் மகன் சங்கர், என் மகள் கோமதி. ஆறு.

ஓரத்து இலையில் இருந்த துண்டு மட்டும் ஒரு தடவை நிமிரப் பார்த்தது. "அது வந்து…" என்று என்னவோ ஆரம்பித்தது. "எல்லாம் அப்புறம். முதல்ல சாப்பிடு" என்று தலையை மெல்ல அமுக்கி, இன்னும் ஒரு கரண்டி புளியோதரை வைத்தேன்.

கோமதி சாப்பாட்டில் பூனை. நாலு வாய்க்கு மேல் இறங்காது. அன்று ஓரத்து இலை மூன்று தடவை அப்பளம் வாங்கிக்கொண்டது. எனக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. "கடல் காத்து பசியைக் கிளப்பும்னு சொல்லுவாங்க, பாத்தியா கனகா" என்றேன். அந்த நாலு பேரின் அம்மா கனகாவும் பார்த்து அதிசயித்தாள்.

அந்தத் திருப்தியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி துண்டு

போன வாரம் எங்கள் குடியிருப்பு பிளாக்கில் தபால்காரர் பட்ட பாட்டை எழுதியிருந்தேன். ஒரே மாதிரி வீடுகளில் அப்படி என்ன குழப்பம் வந்துவிடும் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருக்காக இதைச் சொல்கிறேன்.

நெய்வேலிக்கு நாங்கள் வந்த புதிது. மரம் மட்டை எதுவும் வளரவில்லை. பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. நைட் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர், ஒரு நாள் ஒரு தெரு முன்னாலேயே திரும்பிவிட்டார். கதவு திறந்திருந்தது. சட்டையை ஆணியில் மாட்டினார். ஆணியும் அதே இடத்தில்தான் இருந்திருக்கிறது. கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு காப்பி கேட்டார். சமையலறையிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு டம்ளரை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போயிற்று.

குடித்த பிறகுதான் இவருக்குச் சந்தேகம் வந்ததாம். காப்பி நன்றாக இருந்ததாம்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரிதான் கனகா. அவள் வீட்டுக்காரர் தணிகாசலமும் அன்று நைட் ஷிப்ட். அவர் வந்து பார்க்கும்போது அவருடைய கட்டிலில் இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தணிகாசலம் வேலூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் இருந்துவிட்டு சுரங்கத்து வேலைக்கு வந்தவர். பிளாக்கில் எல்லாரும் அவரை மிலிட்டரி என்றுதான் சொல்வார்கள். வேறு ஆளாக இருந்தால் தெருவே கூடியிருக்கும். அவர் சத்தம் போடவில்லை. பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாராம். இரண்டு பேரும் எழுந்த பிறகு பெயர், ஊர் விசாரித்துக்கொண்டார்கள். இப்படித்தான் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பழக்கம்.

வீடு மட்டுமா? சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சோப்பும் துண்டும் கொடுப்பார்கள். வெள்ளைத் துண்டு, நீலக் கரை. ஊரில் யார் வீட்டுக் கொடியைப் பார்த்தாலும் அதுதான் காயும். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் கை துடைப்பதும் அதில்தான். தொட்டிலில் பிள்ளைக்கு விரிப்பதும் அதைத்தான்.

இந்தத் துண்டை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது.

ரிலீவர்

இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவிலில் பத்தாவது வரை படித்த எனக்கு நெய்வேலிக்கு வந்துதான் அது தெரிந்தது. ரிலீவர்.

என் வீட்டுக்காரருக்குப் பம்ப் செக்ஷனில் வேலை. பூமிக்கு அடியில் ஊற்று நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. ராத்திரி பகலாக இறைத்தால்தான் நிலக்கரி வெட்ட முடியும். ஒரு பம்ப் நின்றாலும் தண்ணீர் மேலே வந்துவிடும் என்பார். அதனால் அடுத்த ஷிப்ட்டுக்காரர் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. அந்த அடுத்த ஆள்தான் ரிலீவர். அவருக்கு ஜுரம் வந்தால், பஸ் தவறினால், மாமியார் வந்தால் இவருக்கு டபுள் டூட்டி.

ஒரு தீபாவளிக்கு எண்ணெய் காய்ச்சி வைத்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து காத்திருந்தோம். எண்ணெய் ஆறியது. பிள்ளைகள் புதுத்துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கோமதி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அப்பா ஏன் வரவில்லை, அவருக்குப் பட்டாசு வேண்டாமா என்று நச்சரித்தாள். "ரிலீவர் வரல. ரிலீவர் வராம வந்துட்டா அது தப்பு. உலகமே முங்கினாலும் நகரக் கூடாது" என்று சொன்னேன். கோபத்தில் சொன்னது. மனசுக்குள் அந்த ரிலீவரின் குடும்பத்தையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கடலுக்குப் போனோம்

கடற்கரையில் கேம்ப் போட வேண்டும் என்பது தணிகாசலத்தின் ஆசை. ஏலத்தில் இரண்டு ராணுவக் கூடாரங்களை வாங்கிவிட்டார். வாங்கியதை விரிக்க இடம் வேண்டும். பிளாக்கில் விரித்தால் சர்க்கஸ் வந்திருக்கிறது என்று பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள். அதனால் பரங்கிப்பேட்டைக்கு வடக்கே, கடலை ஒட்டிய சவுக்குத் தோப்பில் இரண்டு ராத்திரி தங்குவது என்று முடிவாயிற்று.

கடலென்றால் எனக்குப் பயம், வேண்டாம் என்றேன். இவர் சிரித்தார். தினமும் தண்ணீரோடு மல்லுக்கு நிற்கிறவன் நான், எனக்குத் தெரியாத தண்ணீரா என்றார்.

வாடகை வேன். ஓட்டி வந்தவர் தனகோட்டி. கம்மாபுரம் பக்கம் ஒரு கிராமம். சேத்தியாத்தோப்பில் டீ குடிக்கும்போது இவரிடம், "எங்க நெலம் உங்க சுரங்கத்துக்குள்ளதாங்க கெடக்குது. என்னிக்காச்சும் கண்ணுல பட்டா சொல்லுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவர் டீயைச் சிந்திவிட்டார்.

முதல் ராத்திரி கொசு, நண்டு, தணிகாசலத்தின் விசில். அதைத் தனியாக எழுத வேண்டும். மறுநாள்தான் ஊர் பார்க்கிற நாள்.

காலையில் வேனில் கிளம்பினோம். கனகாவுக்கும் எனக்கும் ஆற்று முகத்துவாரத்தைப் பார்க்க ஆசை. ஆண்களுக்கு வேறு ஆசை. அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் இரும்பு உருக்கினார்களாம். அந்த இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தால் கருவேலமுள்ளும் செங்கல் மேடும். அதன் முன்னால் இருவரும் சாமி முன்னால் நிற்கிற மாதிரி நின்றார்கள். தினம் இயந்திரத்தோடு கிடந்துவிட்டு, லீவு நாளில் செத்துப்போன இயந்திரத்துக்குத் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று கனகா முணுமுணுத்தாள்.

அப்புறம் கடைத்தெருவில் அல்வா வாங்கினோம். நெய் காகிதத்தைத் தாண்டி விரலுக்கு வந்தது. பிள்ளைகள் காகிதத்தையும் நக்கினார்கள். ஆறு கடலோடு சேருகிற இடத்தில் தண்ணீர் இரண்டு நிறமாகத் தெரிந்தது. கோடு கிழித்த மாதிரி இந்தப் பக்கம் பழுப்பு, அந்தப் பக்கம் பச்சை. அதற்கு மேல் வரிசையாக வெள்ளைக் கொக்குகள். சேத்தியாத்தோப்பில் பாலத்துக்கு அடியில் பார்த்த அதே வெள்ளாறுதான் இங்கே வந்து முடிகிறது என்று சங்கர் சொன்னான். எனக்கு என்னவோ தெரிந்தவர்களை வெளியூரில் பார்த்த மாதிரி இருந்தது. சும்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பயமே இல்லாமல் நான் கடலைப் பார்த்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

கடலை இறைக்கப் பார்த்தவர்

தோப்புக்குத் திரும்பியதும் நானும் கனகாவும் சாப்பாட்டைக் கவனிக்க உட்கார்ந்தோம். ஆண்கள் பிள்ளைகளோடு குளிக்கப் போனார்கள். கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் மேலே, சவுக்கு மரங்கள் மறைக்கிற திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மணல் திட்டு. அதன் உச்சியில் உடைந்துபோன பழைய படகு ஒன்று குப்புறக் கிடந்தது. அப்போது திட்டுக்குக் கால் நனையாமல் போகலாம்.

அங்கே நடந்ததை எல்லாம் பிறகு விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பிள்ளைகள் மணலில் குழி தோண்டினார்கள். குழி என்றால் நீர் ஊறத்தானே செய்யும்? ஆனால் குழிக்குள் நீர் ஊறுவதைப் பார்த்துக்கொண்டு என் வீட்டுக்காரரால் சும்மா இருக்க முடியாது. அது அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. கொட்டாங்கச்சி, டால்டா டப்பா எல்லாவற்றையும் கொடுத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இறைக்க வைத்திருக்கிறார். இறைத்த தண்ணீர் பத்தடி தள்ளிப் போய்க் கடலில் விழுந்து, கடல் மறுபடி குழிக்கு அனுப்பியிருக்கிறது. மீன்காரர்கள் வலையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்களாம்.

இதற்கிடையில் தணிகாசலத்துக்குச் செருப்புகளைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. எல்லாருடைய செருப்பும் படகின் மேல் கிடந்தது. பட்டாளத்துக்காரருக்குக் காவல் இல்லாமல் ஒரு பொருள் இருந்தால் தூக்கம் வராது. என் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் இல்லாமல் ஒரு வேலை இருந்தால் பிடிக்காது. இருவரும் கூடிப் பேசி, பிள்ளைகளுக்கு ஷிப்ட் போட்டார்கள். வெயிலுக்கு இவர் கொண்டு வந்திருந்த வெள்ளை ஹெல்மெட்டை யார் போட்டிருக்கிறார்களோ அவர் டூட்டியில் இருக்கிறார் என்று ஏற்பாடு.

சாப்பாட்டுக்கு நாங்கள் கூப்பிட்டபோது கோமதி டூட்டி. அடுத்தது தணிகாசலத்தின் பெரிய பையன் வேலு. சாப்பிட்டுவிட்டு அவன் போய் ரிலீவ் செய்ய வேண்டியது. ஆண்கள் இருவரும் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு கூடாரத்தில் படுத்துவிட்டார்கள்.

வேலு மூன்று தடவை புளியோதரை வாங்கிச் சாப்பிட்டான். பிறகு துண்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தான். பாவம், அவன்தான் அதிகமாக இறைத்தவன்.

துண்டைத் தூக்கிப் பார்த்தவள்

பாத்திரம் கழுவி வந்து பார்த்தேன். நிழலில் வரிசையாக ஆறு மூட்டைகள், நீலக் கரையோடு. மறுபடி எண்ணினேன். ஆறு. நானும் சற்றுத் தலையைச் சாய்த்தேன். உப்புக் காற்றில் மங்கிவிடும் என்று மூக்குக் கண்ணாடியைத் தோப்புக்குத் திரும்பியதுமே கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

கண்ணயர்ந்திருப்பேன். யாரோ பேசுகிற குரல். ஒரு மீனவப் பெண், கையில் சவுக்கு மிலாறு, எங்கள் கனகாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய பெண்ணைக் காலையிலிருந்து காணவில்லையாம். இந்தப் பக்கம் வந்ததாக யாரோ சொன்னார்களாம்.

எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பிள்ளைகளை எண்ணி எண்ணி வளர்க்க வேண்டும், இப்படி விட்டுவிடக் கூடாது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். "எங்க பிள்ளைங்கதான் இங்க இருக்கு. ஆறு பேர்" என்றேன்.

அவள் கேட்கவில்லை. குனிந்து முதல் துண்டைத் தூக்கினாள். சங்கர். இரண்டாவது, வேலு. அப்புறம் வேலுவின் தம்பிகள். கடைசித் துண்டைத் தூக்கினாள்.

"இங்க குந்திக்கினு தூங்குறியா நீ? வூட்ல ஒல கொதிச்சிக்கினு கெடக்குது, நான் குப்பம் பூரா தேடிக்கினு வரேன்" என்று மிலாறை ஓங்கினாள்.

அவளுடைய பெண் எழுந்து உட்கார்ந்தாள். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. கன்னத்தில் புளியோதரைப் பருக்கை.

எனக்கு முதலில் புரியவில்லை. ஐந்து, ஐந்து என்று என் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. அஞ்சலை அம்மாவின் அடிக்குத் தப்பிக்க என் பக்கம் நகர்ந்து, என்னையே கையைக் காட்டினாள்.

"நான் சும்மா வரல. அந்தப் படகாண்ட இருக்குற அக்காதான் துண்டு குடுத்து அனுப்பிச்சு. பசிக்குதாம். சோறு எடுத்தாரச் சொல்லிச்சு. நான் அப்பவே சொல்ல வந்தேன். இவங்கதான் தலைய அமுக்கி அமுக்கி சோறு வெச்சாங்க."

சங்கரை உலுக்கி எழுப்பினேன். தங்கச்சி எங்கேடா என்றேன். செருப்பு டூட்டியில் இருக்கிறாள் என்றான். எனக்கு ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ எண்ணிப் பாத்துட்டு சரியா இருக்குன்னு சொன்னியேம்மா. நானும் வந்துட்டான்னு நெனச்சேன்" என்றான்.

வெள்ளைப் புள்ளி

எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. சுடுமணலில் செருப்பில்லாமல் ஓடியிருக்கிறேன். மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. சவுக்குத் திருப்பத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டேன்.

திட்டு இல்லை. கடல் ஏறி, பிள்ளைகள் நடந்துபோன மணல் இருந்த இடத்தில் தண்ணீர். அலை அலையாக வெயில் பளபளத்தது. அதன் நடுவே, தண்ணீரின் மேல், வெள்ளையாக ஒரு புள்ளி ஆடிக்கொண்டிருந்தது.

ஹெல்மெட்.

ஹெல்மெட் மட்டும்தான் தெரிந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கத்தினேனா, கத்தவில்லையா, நினைவில்லை. எனக்குப் பின்னால் ஓடி வந்த தனகோட்டி என் பக்கத்தில் குனிந்து, "கண்ணாடி இல்லாம பாக்கிறீங்க. புள்ள படகு மேல குந்திக்கினு இருக்குதுங்க. நல்லா இருக்குது. எழுந்திரிங்க" என்றார்.

அவர் சொன்ன அந்த வாக்கியத்தை நான் எழுத்து மாறாமல் வைத்திருக்கிறேன். அவர் பிள்ளைக் கல்யாணத்துக்கு நானே வேலை செய்யப் போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டளவுத் தண்ணீர், சில இடத்தில் தொடை அளவு. புடவையோடு இறங்கினேன். கிட்டத்தில் போனதும் எனக்கே தெரிந்தது. குப்புறக் கிடந்த படகின் முதுகில் கோமதி காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் மூக்கு வரை இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் செருப்புகள், ஜோடி ஜோடியாக.

"ஏட்டி கோமதி" என்று கையை நீட்டினேன். அவள் படகின் கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வரக் கூடாது. வேலு எங்க?"

வேலு தூங்குகிறான், நீ இறங்கு என்றேன். இழுத்தேன். வரவில்லை. பிடியை விடவில்லை.

"ரிலீவர் வராம வந்துட்டா தப்பு. உலகமே முங்கினாலும் நகரக் கூடாது."

அது யார் வாக்கியம் என்று எனக்குத் தெரியும். அங்கே முட்டளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் திருப்பிக் கேட்டபோது, எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

பொறுப்பு கைமாறியது

அதற்குள் என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் வந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. திட்டப்போகிறார், அல்லது என்னைப் போல அழப்போகிறார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. அவள் முன்னால் போய் நேராக நின்றார். பம்ப் ஹவுஸில் ஷிப்ட் மாறும்போது தண்ணீர் மட்டம் கேட்பாராம், அந்தக் குரலில் கேட்டார்.

"லெவல் என்ன?"

அவள் ஹெல்மெட்டை நிமிர்த்தினாள். படகில் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளைக் காட்டினாள். "மொதல்ல அந்த ஆணி வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் இது. இப்ப இந்த ஆணி முங்கிருச்சு."

"வேற?"

"தணிகாசலம் மாமாவோட செருப்புல ஒண்ணு போயிருச்சு. புடிக்கப் பாத்தேன். எட்டல."

"பரவாயில்ல. நான் சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்றார். திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

கோமதி ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையில் வைத்தாள். பிறகுதான் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவு கனமாக அவள் என் மேல் என்றைக்கும் இருந்ததில்லை.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். நான் கரைக்கு ஏறினேன். இவரும் செருப்புகளை அள்ளிக்கொண்டு பின்னால் வரக் கிளம்பினார். கோமதி என் தோளுக்கு மேலிருந்து, "அப்பா, உங்க ரிலீவர் வரல" என்றாள்.

அவர் நின்றார். செருப்புகளை மறுபடி படகின் மேல் வைத்தார். அலை அடித்தது. கரையிலிருந்து தணிகாசலம், "சார், விளையாட்டு போதும், வாங்க" என்றார். கோமதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பட்டாளத்தில் எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்தவர் அந்தப் பார்வையைத் தாங்கவில்லை. தண்ணீரில் இறங்கினார். ஹெல்மெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒற்றைச் செருப்புக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். அவரை ரிலீவ் செய்ய வேலுவைக் கனகா காதைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கடைசியில் வேலுதான் எட்டு பேர் செருப்பையும் தலையில் சுமந்துகொண்டு கரையேறினான். வரும்போது அழுதான். அழுததற்குத் தனியாக ஒன்று வாங்கினான்.

அஞ்சலையின் அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கரையில் நின்றிருந்தாள். மிலாறு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மகளை இடுப்பில் வைத்திருந்தாள். அவ்வளவு பெரிய பெண்ணை. "எங்க புள்ளைங்க தண்ணியிலயே கெடக்கும், எனக்கு ஒண்ணும் தோணாது. இன்னிக்கு உங்களப் பாத்ததுல எனக்கும் பயம் புடிச்சிக்கிச்சி" என்றாள். மீதி இருந்த அல்வாவை அஞ்சலைக்குக் கொடுத்தேன். தூது சொல்ல வந்தவளுக்குப் பேசக்கூட விடாமல் சோறு போட்டவள் நான். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அந்தத் துண்டையும் அவளே வைத்துக்கொண்டாள்.

எண்ணுகிற விதம்

இரண்டாவது ராத்திரி தங்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பச் சொன்னேன். தணிகாசலம் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு வேனில் ஏறினார்.

கோமதி என் மடியில் தூங்கினாள். அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். நான் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்கிறேன், நீ கண்ணை மூடு என்று இவர் கையை நீட்டினார். கொடுக்கவில்லை.

சேத்தியாத்தோப்பில் டீக்கு நிறுத்திய தனகோட்டி, மறுபடி வண்டியைக் கிளப்பும் முன் திரும்பிப் பார்த்து, "எண்ணிக்கினீங்களாங்க?" என்றார். எண்ணினேன். இந்தத் தடவை ஒவ்வொரு துண்டாகத் தூக்கி, முகத்தைப் பார்த்து.

அதிலிருந்து அப்படித்தான். கோமதி ஹைஸ்கூல் போகிறாள். சங்கருக்கு மீசை அரும்பிவிட்டது. இருந்தாலும் படுக்கும் முன் நான் போய்ப் போர்வையைத் தூக்கி முகத்தைப் பார்க்காமல் விடுவதில்லை. சங்கர் எரிந்து விழுகிறான். சிநேகிதர்களிடம் சொன்னால் மானம் போகும் என்கிறான்.

கோமதி கண்ணைத் திறப்பதில்லை. நான் நிற்பது எப்படியோ தெரிந்துவிடுகிறது.

"லெவல் நார்மல். நான் சார்ஜ் எடுத்துக்கிட்டேன். நீ போய்ப் படும்மா" என்கிறாள்.